காற்று எவ்வளவு அடித்தால் வண்டி வராது?

12 அக்டோபர் 2024 – அமெரிக்காவின் டாம்பாவிலிருந்து ஒருவர் கேட்டது

"மில்டன் புயல் எங்கள் பக்கம் 9-ஆம் தேதி இரவு கரை ஏறியது. அதற்கு முன்பே கவுண்டியில் (நம் மாவட்ட நிர்வாகம் மாதிரி) சொல்லிவிட்டார்கள். காற்று ஓர் அளவைத் தாண்டினால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு எதுவும் வெளியே வராதாம், தணிந்த பிறகுதான் வருமாம். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆபத்து நேரத்தில் வராத வண்டி வேறு எதற்கு? எங்கள் ஆத்தா செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி நிறுத்துவார்களா? நம் ஆட்கள் செய்ய மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். தீயணைப்பில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

12 அக்டோபர், இரவு

நிறுத்துவோம். நிறுத்தத்தான் வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கவுண்டி முன்கூட்டியே சொன்னதுதான் இதில் பெரிய காரியம். இங்கே வண்டி நின்றதை நான் குறை சொல்ல மாட்டேன். நிற்கும் என்று ஊருக்கு முன்னாலேயே சொல்லாமல் இருப்பதைத்தான் குறை சொல்வேன். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

13 அக்டோபர்

உங்கள் ஊர்க் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஃபுளோரிடாவில் பல கவுண்டிகள் வைத்திருக்கும் எல்லை மணிக்கு 40 முதல் 45 மைல். நம் கணக்கில் 64 முதல் 72 கிலோமீட்டர். கேட்பதற்கு இது பெரிய காற்றாகத் தெரியாது. அந்த வேகத்தில் தினமும் பைக்கில் போகிறோமே என்று தோன்றும். ஆனால் காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகிவிடும். 72 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ பாரத்தை வைத்துத் தள்ளும். ஆம்புலன்ஸின் ஒரு பக்கம் பத்து சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கால் டன். 144 கி.மீ. என்றால் ஒரு டன். அதுவும் ஒரே சீராகத் தள்ளாது. விட்டு விட்டு, நினைக்காத நேரத்தில் தள்ளும்.

ஆம்புலன்ஸ் உயரமான வண்டி. எடையெல்லாம் கீழே இருக்கும், மேலே வெறும் கூடு. மரம் இல்லாத கண்மாய்க்கரை ரோட்டில் பக்கக் காற்று வாங்கினால் ஸ்டியரிங் கையில் நிற்காது. தீயணைப்பு வண்டி கனமாச்சே, அது தாங்குமே என்பார்கள். 4,500 லிட்டர் டாங்கி நிரம்பியிருந்தால் தண்ணீர் மட்டுமே நாலரை டன், தாங்கும்தான். பாதி டாங்கிதான் வம்பு. உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் போய் மோதும். அந்த நேரம் பார்த்துக் காற்றும் அதே பக்கம் தள்ளினால் நாலு சக்கரமும் தரையில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக டாங்கியைத் ததும்ப நிரப்பி வைப்பது இதற்காகவும்தான்.

வண்டி கவிழ்வது ஒரு பங்கு. மீதி எல்லாம் மேலே இருந்து வருவது. செட்டிநாட்டுத் தெருக்கள் உங்களுக்குத் தெரியும். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு. இரண்டு பக்கமும் நீளமாகச் சுவர், நடுவில் குறுகலான ரோடு. காற்று அதற்குள் நுழைந்தால் வெளியே அடிப்பதைவிட வேகமாகப் போகும். அதில் ஓடு பறந்து வரும். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஓடு மாற்றிப் பல வருடம் ஆகியிருக்கும், அதுதான் முதலில் கிளம்பும். தகரக் கொட்டகைத் தகரம் ஒன்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தரையைத் தொடாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட் அதற்கு ஒன்றும் செய்யாது.

13 அக்டோபர், மாலை

ஒருவர் கீழே எழுதியிருக்கிறார், நம் வானிலைத் துறையும் ஏறத்தாழ 63 கி.மீ.யில்தான் 'புயல்' என்று பெயர் வைக்கிறது, அமெரிக்காவிலும் 63, ஆக இரண்டும் ஒன்றுதான் என்று. எண் ஒன்றுதான், அளக்கும் விதம் வேறு. அங்கே ஒரு நிமிடச் சராசரி, நம் துறை எடுப்பது மூன்று நிமிடச் சராசரி. நேரம் கூடினால் சராசரி கொஞ்சம் இறங்கும். அதனால் ஒரே காற்று நம் அறிக்கையில் சற்றுக் குறைந்த எண்ணாகத்தான் வரும். அங்கே 72 என்று எல்லை வைத்தால் நாமும் 72 என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, இன்னும் கீழே வைக்க வேண்டும். அப்புறம் அறிக்கையில் "இடையிடையே இத்தனை கி.மீ. வரை" என்று ஒரு வால் இருக்கும். எல்லாரும் முதல் எண்ணைப் பார்ப்பார்கள். வண்டி ஓட்டுகிறவன் பார்க்க வேண்டியது அந்த வாலை.

இன்னொன்று. நான் வேலை பார்த்த நிலையம் எதிலும் காற்றுமானி இருந்ததில்லை. இத்தனை கி.மீ. வந்தால் நில் என்று எழுதி ஒட்டிய தாளும் பார்த்ததில்லை. நிலைய அலுவலர் வாசலில் நின்று மரத்தைப் பார்ப்பார். அதற்கும் கணக்கு உண்டு. கப்பல்காரர்களின் போஃபோர்ட் அளவுகோலை நிலத்துக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். முழு மரமும் ஆடி, எதிர்க்காற்றில் நடக்கச் சிரமமாக இருந்தால் 50 முதல் 61. சுள்ளி முறிந்து விழுந்தால் 62 முதல் 74. ஓடு கிளம்பினால் 75 முதல் 88. மரம் வேரோடு சாய்ந்தால் 89-க்கு மேல். நிலைய வாசல் வேப்ப மரத்துச் சுள்ளி முறிந்து ரோட்டில் விழத் தொடங்கினால் அதுதான் எல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய முன்னணித் தீயணைப்பாளர். அவர் போஃபோர்ட்டைப் படித்தவர் இல்லை. ஆனாலும் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

15 அக்டோபர்

கஜா புயல் அன்று என்ன செய்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

2018 நவம்பர் 16, விடிவதற்கு வெகு முன்பே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. காற்று நூறு கிலோமீட்டருக்கு மேல். புயல் கடற்கரையோடு போகும் என்று உள்நாட்டில் பலர் படுத்துத் தூங்கிவிட்டார்கள். அது தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று தென்னந்தோப்புகளை வாரிச் சாய்த்துக்கொண்டு சிவகங்கை, திண்டுக்கல் பக்கமாக மேற்கே போனது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் போனது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தோப்பு வைத்திருந்தவர்களைக் கேட்டால் இன்றைக்கும் கண் கலங்குவார்கள்.

அன்று நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு நிலையத்தில் இருந்தேன். வாட்ச் ரூமில் போன் அடித்தபடி இருந்தது. அதில் ஒரு அழைப்பு, வீட்டு மேல் மரம் சாய்ந்து உள்ளே ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார் என்று. எங்களில் இளையவன் ஒருவனுக்கு அந்த ஊர்தான் பெண் எடுத்த ஊர். பூட்ஸை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, எடுங்கண்ணே, மெதுவா போயிரலாம்ணே" என்கிறான். நான் ஓட்டுநர். சாவி என் கையில் இருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிலைய அலுவலர் வந்தார். "சாவியக் குடுங்க" என்றார். வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். "நாளைக்கு யார் கேட்டாலும் நான்தான் விடலன்னு சொல்லுங்க. நீங்க யாரும் பதில் சொல்ல வேண்டாம்." அவ்வளவுதான் பேசினார்.

வாட்ச் ரூமில் இருந்தவர் அந்த வீட்டுக்காரரோடு போனிலேயே இருந்தார். பெரியவரை இழுக்காதீர்கள், இரத்தம் வரும் இடத்தில் துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள், மற்றவர்கள் ஓட்டுக்கூரைக்குக் கீழே நிற்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எதிர்முனையில் திட்டு. அதையும் வாங்கிக்கொண்டு அடுத்ததைச் சொன்னார். கடைசியில் டவரே போய்விட்டது. போன் நின்ற பிறகும் ரிசீவரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், போகலாமா வேண்டாமா என்ற முடிவை வண்டி ஓட்டுகிறவனிடம் விடவே கூடாது. விட்டால் அவன் போவான். நாளைக்கு அதே தெருவில் அவன் நடக்க வேண்டும், அந்த வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டும். துணிச்சலால் போகிறவர்களைவிட வெட்கத்துக்குப் பயந்து போகிறவர்கள்தான் அதிகம். அந்த வெட்கத்தை ஒரு அதிகாரி தன் பைக்குள் வாங்கிப் போட்டுக்கொண்டால்தான் ஆட்கள் பிழைப்பார்கள்.

16 அக்டோபர்

"சம்பளம் வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது கோழைத்தனம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானதுதான், அவர் வீட்டில் என்ன நடந்ததோ.

அவரிடம் ஒன்று கேட்கிறேன். காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகும் ரயிலில் போயிருப்பீர்கள். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போய்விடும். மண்டபத்தில் ரயில் நிற்கும். உள்ளே நூற்றுக்கணக்கான பேர், சிலர் திதி கொடுக்கப் போகிறவர்கள், நேரம் தப்பினால் காரியம் தப்பிவிடும். அந்த எஞ்சின் டிரைவரைக் கோழை என்று யாராவது சொன்னார்களா? 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் பாசஞ்சர் ரயிலே அலையில் போய் நூறு பேருக்கு மேல் செத்ததைப் பார்த்த பகுதி இது. பாலத்தில் காற்றை அளக்கும் கருவி முடிவெடுக்கிறது, டிரைவரின் மனசு கேட்டதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ரயிலுக்கு நாம் ஒத்துக்கொண்ட நியாயம் நாலு பேர் ஏறிப் போகும் தீயணைப்பு வண்டிக்கு ஏன் இல்லை?

19 அக்டோபர்

காற்று தணிந்ததும் உடனே பாய்ந்து போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து ஆட்கள் அதிகம் அடிபடுவது அதற்கப்புறம்தான். இரவு முழுக்கத் தூங்கியிருக்க மாட்டோம், ஊர் அவசரப்படுத்தும், கண்ணுக்கு வெயிலும் தெரியும்.

முதலில் கம்பி. ரோட்டில் மரம் கிடக்கும், மரத்துக்குக் கீழே மின்கம்பி கிடக்கும். மின்வாரியத்தில் எல்.சி. (லைன் கிளியர், லைனை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்காமல் மரத்தில் கை வைக்கக் கூடாது. ஊரில் கரண்ட் இல்லையே, அப்புறம் என்ன என்பார்கள். யாரோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை, வெளி லைனைத் துண்டித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுத்திருப்பார்கள். அது வெளியே போய் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, மறுபக்கம் 11,000 வோல்ட்டாக நிற்கும். செட்டிநாட்டில் இது மற்ற ஊரைவிட அதிகம். கல்யாணம், அறுபதாம் ஆண்டுச் சாந்தி, படப்பிடிப்பு, தங்கும் விடுதி என்று பெரிய வீடுகளில் ஜெனரேட்டர் இருக்கிறது. கம்பத்தில் ஏறுகிற வயர்மேனுக்கு எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? கஜாவுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும்கூட மின் ஊழியர்கள் வந்து வேலை செய்தார்கள். ஊரும் தெரியாது, லைனும் தெரியாது. இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகுதான் கம்பத்தில் ஏறுவோம் என்று அவர்கள் சொன்னால், "இருட்டில் கிடக்கிறோம், சீக்கிரம் ஏறுங்கள்" என்று கூட்டம் சத்தம் போட்டது. அந்தக் கூட்டத்தில் படித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அடுத்தது மரம். புளியமரம் வேரோடு சாய்ந்தால் வேரும் மண்ணும் ஒரு வட்டத் தட்டாகச் செங்குத்தாக நிற்கும், கீழே பெரிய பள்ளம் இருக்கும். தண்டின் பாரம்தான் அந்தத் தட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. பவர் சாவால் தண்டை அறுத்துத் துண்டாக்கிய நொடியில் பாரம் விட்டுப்போகும், தட்டு அப்படியே பள்ளத்துக்குள் திரும்பி விழும். திருமயம் ரோட்டில் ஒரு மரத்தை அறுக்கும்போது அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு பையன்கள் இறங்கி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆள் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். ஒருவன் அடிக்க வந்தான். அறுத்து முடித்ததும் அடிமரம் தானாக எழுந்து நின்றது. பள்ளம் மூடிவிட்டது. அதைப் பார்த்த பிறகு அவன் பேசவே இல்லை.

20 அக்டோபர்

கஜா இரவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "அந்த மரம் விழுந்த வீட்டுப் பெரியவர் என்ன ஆனார்?"

பிழைத்துக்கொண்டார். விடிந்ததும் கிளம்பி, வழியில் கிடந்ததையெல்லாம் அறுத்து ஒதுக்கிப் போய்ச் சேர்ந்தோம். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை செய்து நடந்தார்.

ஆனால் அன்று இரவு வந்தது அந்த ஒரு அழைப்பு மட்டும் இல்லை. இன்னொரு வீட்டில் நெஞ்சுவலி என்று கூப்பிட்டார்கள். 108 வண்டியும் போக முடியாமல் நின்றது, நாங்களும் நின்றோம். காலையில் போகும்போது எங்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அந்த வீட்டு மகன் இப்போதும் சந்தையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரிடம் நான் போய் 72 கிலோமீட்டர், 25 கிலோ என்று கணக்குச் சொல்ல முடியுமா? முடியாது.

எல்லை வைத்தால் யாருக்கும் நட்டம் இல்லை என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நட்டம் உண்டு. ஆனால் அன்று நாங்கள் கிளம்பியிருந்தால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அந்த ரோட்டில் அதிகாலையில் கிடந்த மரங்களை நானே பார்த்தேன். நடுவழியில் முன்னாலும் மரம் பின்னாலும் மரம் என்று மாட்டியிருப்போம், மேலே ஒன்று விழுந்திருக்கலாம். காலையில் அந்தப் பெரியவரைத் தூக்க வண்டியும் இருந்திருக்காது, ஆளும் இருந்திருக்காது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சில இரவுகளில் அது போதுமானதாக இருப்பதில்லை.

அந்த நெஞ்சுவலிக்காரருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை வந்திருக்கிறது. அது ஊருக்கே தெரியும். புயல் வருவது இரண்டு நாள் முன்பே தெரியும். இரவு வண்டி ஓடாது என்பது எங்களுக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்து, "இன்றைக்கு மத்தியானமே டவுனுக்குப் போய்விடுங்கள்" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

3 நவம்பர்

தீபாவளி வேலையில் இந்தப் பக்கம் வரவில்லை. டாம்பாத் தம்பி மறுபடி கேட்டிருக்கிறார்: "அப்படியானால் நான் ஆத்தாவுக்கு என்ன செய்ய?"

கேளுங்கள். நம் அரசாங்கமே ஒரு விஷயத்தில் இதைச் சரியாகச் செய்கிறது. புயல் வருகிறது என்றால் பிரசவத் தேதி நெருங்கிய பெண்களைப் பட்டியல் எடுத்து முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். வலி எடுத்த பிறகு வண்டி அனுப்ப முடியாது என்று ஒத்துக்கொண்டதால்தான் இந்த ஏற்பாடு. ஒடிசாவைப் பாருங்கள். 1999 சூப்பர் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்னாலேயே நகர்த்தினார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது. காற்றுக்குள் வண்டி விட்டு யாரையும் காப்பாற்றி வந்த கணக்கு இல்லை அது. காற்று வருவதற்கு முன் ஓட்டிய பஸ்கள் காப்பாற்றின.

இதே பட்டியலை இதய நோயாளிக்கும், டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும், ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர்களுக்கும், தனியாக இருக்கும் ஆச்சிகளுக்கும் எடுக்க என்ன தடை?

உங்கள் ஆத்தா வீட்டைவிட்டு வர மாட்டார்கள் என்றால் வீட்டுக்குள்ளேயே இடம் பாருங்கள். வளவு எனும் நடுக்கட்டைச் சுற்றி ஓடு வேய்ந்த தாழ்வாரம் வேண்டாம், முற்றத்தைப் பார்த்த இடம் எதுவும் வேண்டாம், முகப்பும் வேண்டாம். மேலே ஓடு இல்லாமல் தளம் போட்ட, உள்பக்க அறை ஒன்று பெரும்பாலும் இருக்கும். சுவர் கனமாக இருக்கும். அங்கே கட்டிலைப் போடுங்கள். தண்ணீர், ஒரு வாரத்து மாத்திரை, டார்ச், சார்ஜ் போட்ட போன். பின்கட்டு இடிந்து கிடந்தால் அந்தப் பக்கக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துவிடுங்கள். ஜெனரேட்டரை எந்தக் காரணம் கொண்டும் வளவுக்குள் வைக்காதீர்கள், அந்தப் புகையில் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். கூட ஒரு ஆள். இதுதான் முக்கியம். சமையலுக்கு வரும் அம்மாவின் வீடு கூரை வீடாக இருந்தால் அவரையும் குழந்தைகளையும் அன்று பெரிய வீட்டிலேயே தங்கச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுக்கும் நல்லது.

4 நவம்பர்

நேற்று விட்டுப்போனது. காற்று நடுவில் சட்டென்று நின்று வானம் தெளிந்தால் அது முடிந்ததாக அர்த்தம் இல்லை. புயலின் கண் மேலே வந்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து ஆட்டம் கண்ட மரம் இரண்டாவது பாதியில் விழும். அந்த இடைவெளியில் மாட்டைப் பார்க்க, தோப்பைப் பார்க்கப் போகாதீர்கள். எங்களுக்கும் அதே விதிதான்.

அப்புறம் பாம்பு. மழைத்தண்ணீர் பொந்தில் இறங்கினால் எல்லாம் வீட்டுக்குள் வரும். புயல் மறுநாள் வரும் அழைப்பில் மரத்துக்கு அடுத்தபடி அதுதான். மூட்டை முடிச்சு அடுக்கிய அறையில் வெறுங்காலோடு போகாதீர்கள்.

5 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் போய்விட்டது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. நம் பக்கம் தப்பியது. அதைப் பார்த்த பிறகு இங்கே நான் எழுதியதெல்லாம் காற்றைப் பற்றியே இருக்கிறதே என்று தோன்றியது.

ஃபெஞ்சலில் காற்று கஜா அளவுக்கு இல்லை. ஆனால் நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டு மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அங்கே மீட்புக்குப் போனவர்கள் நின்ற இடத்துக்கு மேலேயும் ஈர மண்ணும் பாறையும் அப்படியே இருந்தது. எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறங்கும். அங்கே எந்தக் காற்று எல்லையும் உதவாது. மேலே சரிவைப் பார்த்தபடி ஒரு ஆள் விசிலோடு நிற்க வேண்டும், அவன் ஊதினால் கீழே இருப்பவன் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். அது எவ்வளவு கொடுமையான விதி என்று அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும்.

நம் பகுதிக்குத் தண்ணீர் என்றால் தரைப்பாலம். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும், கலுங்கு (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழியாக வந்து தரைப்பாலத்தின் மேல் போகும். விருசுழி ஆற்றுப் பக்கம் இதைப் பார்க்கலாம். முழங்கால்கூட இல்லை, தாண்டிவிடலாம் என்பார்கள். ஓடும் தண்ணீர் ஒரு சாண் கூட வேண்டாம், ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. இருந்தால் சின்னக் கார் மிதக்கும். 60 செ.மீ.க்குப் பெரிய வண்டியும் போகும். கலங்கல் தண்ணீருக்குக் கீழே ரோடு இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது. மீட்புப் பயிற்சியில் முதலில் சொல்வது, கம்பை நீட்டு, அது எட்டாவிட்டால் கயிற்றை எறி, அதுவும் முடியாவிட்டால் படகு. தண்ணீருக்குள் இறங்குவது கடைசி, அதுவும் உயிர்க்கவசம் போட்டுக் கயிறு கட்டிய ஆள் மட்டும். எத்தனை ஊரில் நீச்சல் தெரியும் என்ற ஒரே தகுதியோடு பையன்கள் இறங்கியிருக்கிறார்கள்!

8 டிசம்பர்

பையன்கள் என்றதும் ஒருவருக்குக் கோபம். "அரசாங்கம் வராதபோது இளைஞர்கள்தானே வந்தார்கள்" என்கிறார். உண்மை. கஜாவின்போது ரோட்டைத் திறந்ததில் பாதி வேலை ஊர்க்காரர்கள் செய்ததுதான். அவர்கள் இல்லாமல் நாங்கள் இல்லை.

அதனால்தான் அவர்களுக்கு இன்னும் அதிகமாகக் கவலைப்படுகிறேன். எங்களுக்குச் சாவியை வாங்கிக்கொள்ள ஒரு அதிகாரி இருந்தார். அவர்களுக்கு யாரும் இல்லை. அடிபட்டால் மருத்துவச் செலவு யார் தலையில் விழும் என்றும் எழுதியிருக்காது. ஊரில் மர அறுவை மெஷின் வைத்திருக்கிற ஆட்களுக்கு ஒரு மூத்தவர் பொறுப்பாக இருக்கட்டும். அவர் போ என்றால் போகட்டும், நில் என்றால் நிற்கட்டும். இரவில் மரம் அறுக்க வேண்டாம். தனியாளாக வேண்டாம். மின்வாரிய ஆள் வந்து லைன் செத்துவிட்டது என்று சொல்லும் வரை கம்பி இருக்கும் பக்கம் வேண்டாம்.

15 டிசம்பர்

டாம்பாத் தம்பி நேற்று எழுதியது: ஆத்தாவோடு பேசினாராம். புயல் என்றால் காரைக்குடியில் பெரியம்மா மகள் வீட்டுக்கு முதல் நாளே போய்விடுவதாக ஒத்துக்கொண்டார்களாம், ஆனால் பூஜை அறைப் பெட்டியும் கூட வர வேண்டுமாம். வரட்டும், காரில் இடம் இருக்கும். கார்க்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள், எச்சரிக்கை வந்த பிறகு யாரும் கிடைக்க மாட்டார்கள். டவர் இருக்கும்போதே கிளம்பினோம், சேர்ந்தோம் என்று உங்களுக்கு இரண்டு போன் வர வேண்டும், அதையும் சொல்லி வையுங்கள்.

எங்கள் ஊராட்சியில் ஜனவரி 26 கிராம சபையில் வைக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். தனியாக இருக்கும் முதியவர், நோயாளிகள் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறப்பதற்கு முன் வி.ஏ.ஓ. கையில் கொடுப்பது. புயல் அறிவிப்பு வந்ததும் எந்த நேரத்துக்குப் பிறகு வண்டி வராது என்று கோயில் மைக்கில் சொல்வது. ஜெனரேட்டர் இருக்கும் வீடுகளின் பட்டியலை மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் தருவது. மூன்றாவதுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் எதிர்ப்பு, வரி போடுவார்களோ என்று பயம். வயர்மேன் தம்பியை அழைத்துக்கொண்டு இந்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். மனுவின் நகல் வேண்டும் என்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் இங்கே போடுங்கள், உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றி எழுதித் தருகிறேன். தரைப்பாலம் இருக்கும் ஊரா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.